குச்சி ஐஸ், குவளை, எச்சில்: சில குறிப்புகள்

1

தமிழில் உணவின் சமூக வரலாறு பற்றி இப்போது ஓரளவு எழுதியாயிற்று. காப்பி எப்படி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாயிற்று, டீ எப்படி உழைக்கிறவர்களின் பானமாயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ (2000) பேசியிருக்கிறது. உப்பையும் எண்ணெயையும் வைத்துக்கொண்டு சாதியைப் பேசமுடியும் என்று தொ. பரமசிவன் காட்டியிருக்கிறார். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டுத் தெருக்களில் அதிகம் பேர் வாயில் வைத்த ஒரு பண்டத்தை யாரும் வரலாறாகப் பார்த்ததில்லை. குச்சி ஐஸைத்தான் சொல்கிறேன்.

இதை எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் கேட்டார்: “அதுல என்னய்யா இருக்கு? சப்புனா தண்ணி, அவ்வளவுதானே?”

தண்ணிதான். எழுத வேண்டியதற்குக் காரணமும் அதுதான். இந்த நாட்டில் தண்ணீர் சும்மா தண்ணீராக இருந்ததே இல்லை. 1927இல் மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கிக் குடித்தது தாகத்துக்காக அல்ல. காலனிய ரயில் நிலையங்களில் ‘இந்துத் தண்ணீர்’, ‘முஸ்லிம் தண்ணீர்’ என்று இரண்டு தண்ணீர் இருந்தது. நம்மூர் டீக்கடைகளில் ஒரே கொதிநீர் ஊருக்குக் கண்ணாடி டம்ளரிலும் சேரிக்குச் சிரட்டையிலும் ஊற்றப்பட்டது. ஆக, சாதி தண்ணீரில் இருப்பதைவிட அதை ஏந்தும் பாத்திரத்தில்தான் அதிகம் இருந்தது. குச்சி ஐஸோ பாத்திரம் இல்லாத தண்ணீர். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சதூரம் போய்ப் பார்க்கலாம் என்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

2

வெயில் காலத்தில் குளிர்ச்சி என்பது எப்போதும் அதிகாரம் சார்ந்த விஷயமாகவே இருந்துள்ளது. வெடியுப்பைக் கரைத்த தண்ணீரில் பாத்திரத்தை வைத்துச் சுழற்றிக் குடிதண்ணீரைக் குளிரச்செய்யும் முறையை அக்பர் காலத்து அயினி அக்பரியில் அபுல் ஃபசல் விவரிக்கிறார். வெடிமருந்துக்கான சரக்கே அரண்மனையில் குளிர்ச்சிக்கும் ஆயிற்று. 1586இல் அரசவை பஞ்சாபுக்குப் போனபின் வடக்கு மலைகளிலிருந்து படகிலும் வண்டியிலும் ஆள் தலையிலும் பனிக்கட்டி லாகூருக்கு வந்துசேர்ந்தது. கோடையில் எல்லாத் தரத்தாரும் பனிக்கட்டி உபயோகித்தார்கள், பிரபுக்கள் வருஷம் பூராவும் உபயோகித்தார்கள் என்று அவர் எழுதுகிறார். அந்த ‘எல்லாத் தரத்தார்’ என்பதற்குள் மலையிலிருந்து அதைச் சுமந்துவந்தவனும் சேர்த்தியா என்பது நாம் கேட்கவேண்டிய கேள்வி.

வங்காளத்தில் குளிர்கால இரவுகளில், ஆழமில்லாத மண்சட்டிகளில் தண்ணீர் ஊற்றி வெட்டவெளிக் குழிகளில் வைத்து, விடியுமுன் மேலே படிந்த மெல்லிய பனிப்பாளத்தைச் சேகரிப்பார்கள். சென்னைக்கு அப்படி ஒரு குளிர்காலம் கிடையாது. இங்கே ஐஸ் கப்பலில்தான் வரவேண்டியிருந்தது. பாஸ்டன் வியாபாரி ஃப்ரெடெரிக் டியூடர் 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் சுமார் 180 டன் ஏரிப்பனியை மரத்தூளில் பொதிந்து கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் பாதி உலகம் சுற்றி, ஏறக்குறைய 100 டன் கரையாமல் வந்துசேர்ந்தது. வெள்ளைக்காரர்கள் கொண்டாடினார்கள். ஐஸுக்குச் சுங்கவரி விலக்கு, சேமித்துவைக்கச் சந்தா போட்டுக் கட்டடம் என்று எல்லாம் நடந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் ஐஸ் ஹவுஸ் எழுந்தது.

தோரோ வாழ்ந்த வால்டன் குளத்திலும் 1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் பனி வெட்டினார்கள். தன் குளத்துத் தண்ணீரைச் சென்னைவாசிகளும் குடிப்பார்கள் என்ற நினைப்பில் தோரோவுக்கு ஒரு ஆன்மிகக் கிளர்ச்சி ஏற்பட்டதை ‘வால்டன்’ நூலில் (1854) பார்க்கலாம். அடிமைமுறையை எதிர்த்து வரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனவர் அவர், மரியாதைக்குரியவர். ஆனால் அவர் கற்பனையில் வந்த ‘சென்னைவாசி’ யார்? அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும். அலையைக் கடந்து சரக்கைக் கரைசேர்த்தவர்கள் மசூலா படகுக்காரர்கள். குளத்துத் தண்ணீர் அவர்கள் கையில் பட்டு, தோளில் வழிந்து, வெள்ளைக்காரன் கண்ணாடிக் கோப்பைக்குப் போனது. தண்ணீர் கிழக்கையும் மேற்கையும் இணைத்தது என்று சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. நடுவில் நனைந்தவனைக் கணக்கில் சேர்த்தால் கதை வேறு.

1870களில் இயந்திரத்தில் ஐஸ் செய்யும் கம்பெனிகள் சென்னையிலும் கல்கத்தாவிலும் தொடங்கியதும் கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. சென்னைக் கட்டடம் ஒரு வக்கீலின் வீடாயிற்று. 1897இல் விவேகானந்தர் சில நாள் அங்கே தங்கினார். பிறகு பிராமண விதவைகளுக்கான விடுதி அங்கே நடந்தது. 1963இல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டினார்கள். ஆனால் திருவல்லிக்கேணிப் பக்கம் பேருந்து ஏறுகிறவர்களுக்கு அந்த வட்டாரம் இன்றுவரை ஐஸ் ஹவுஸ்தான். பனியைக் குடித்தவர்களும் போயாயிற்று, பனியும் கரைந்தாயிற்று. பெயரை மட்டும் ஜனங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

3

குச்சி ஐஸுக்கு அமெரிக்காவில் ஒரு பிறப்புக் கதை உண்டு. ஃப்ராங்க் எப்பர்சன் என்ற 11 வயதுப் பையன் 1905இல் சோடாத்தூள் கலந்த தண்ணீரைக் கலக்கும் குச்சியோடு இரவு வெளியே வைத்துவிட, காலையில் அது உறைந்திருந்ததாம். 1924இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னால் உரிமையை விற்றுவிட்டார். முதலாளியம் தன் பண்டங்களுக்கு இப்படி ஒரு மேதைச் சிறுவனைத் தேடிக்கொள்வது வழக்கம். நம்மூர் குச்சி ஐஸுக்கு அப்படி ஒரு கர்த்தா கிடையாது. சேமியாவை உள்ளே போடலாம் என்று முதலில் யோசித்தவர் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. ஜவ்வரிசி ஐஸுக்குக் காப்புரிமை யாரும் கேட்டதில்லை.

செய்முறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஐஸ் பாக்டரி என்று நாம் பெருமையாகச் சொன்னது பெரும்பாலும் ஒரு ஓட்டுக் கொட்டகை. உள்ளே பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். உப்பை நன்றாகக் கரைத்தால் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரைகூடத் தண்ணீர் உறையாது. அமோனியா ஓடும் குழாய்கள் அந்த உப்புத் தண்ணீரைக் குளிரவைக்கும். சாயமும் இனிப்பும் கலந்த தண்ணீரை வரிசை வரிசையான தகர அச்சுகளில் ஊற்றி அதில் இறக்குவார்கள். பாதி உறைந்ததும் மூங்கில் குச்சியைச் செருகவேண்டும். முன்னாலே செருகினால் சாயும், பின்னாலே என்றால் இறங்காது. முழுக்க உறைந்தபின் அச்சைச் சாதாத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் ஐஸ் கழன்றுவரும். சேமியா கனமாகையால் அச்சின் அடியில் போய்த் தங்கும். வெளியே எடுத்துக் குச்சியைப் பிடித்தால் அந்த அடிதான் நுனி. முதல் கடியிலேயே சேமியா முழுவதும் தீர்ந்துபோகிற மர்மம் இதுதான். உறையும்போது சுத்தமான நீர் முதலில் பளிங்காகும், இனிப்பும் சாயமும் இடுக்குகளில் ஒதுங்கும். உறிஞ்சினால் ஒதுங்கியது முதலில் வந்துவிடும், கையில் வெறும் வெள்ளைக் கட்டி மிஞ்சும்.

இதற்கெல்லாம் மின்சாரம் வேண்டும். 1932இல் பைக்காரா, அதன்பின் மேட்டூர், பாபநாசம் என்று நீர்மின்சாரம் வந்து, சுதந்திரத்துக்குப் பின் அது சிற்றூர்கள்வரை போனது. ஆனால் ஊருக்குள் கம்பம் நட்டபின் சேரிக்குள் நட எத்தனை வருஷம் ஆனது என்பதை அங்கே பிறந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாக்டரி மின்சாரம் உள்ள ஊரில்தான் இருக்கமுடியும். ஐஸ்காரரின் சைக்கிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கேரியரில் மரப்பெட்டி, உள்ளே மரத்தூளோ சாக்கோ, மூடியை ‘டப் டப்’ என்று தட்டும் சத்தம். கம்பி போகாத தெருவுக்கும் மின்சாரத்தின் பலன் குளிர்ச்சியாகப் போனது. காசு இல்லாத பிள்ளைகள் வேப்பங்கொட்டை, புளியங்கொட்டை, பழைய இரும்பு, காலி பாட்டில் கொடுத்து வாங்கினார்கள். எங்கள் பக்கத்தில் ஆனி மாதம் வேப்பமரத்தடியைப் பெருக்கி வைத்ததெல்லாம் ஐஸுக்காகத்தான். கோடை விடுமுறையில் பிள்ளைகளின் உழைப்பு இப்படித்தான் குளிர்ச்சியாக மாற்றப்பட்டது.

4

இனி எச்சிலுக்கு வருவோம்.

காப்பிக்கு டவராவும் டம்ளரும். உதடு படாமல் அண்ணாந்து, தூக்கிக் குடிப்பது ஆசாரம். இந்தத் ‘தூக்கிக் குடித்தல்’ வெறும் சுத்தப் பழக்கம் என்று நம்மிடம் சொல்லப்பட்டுள்ளது. உண்மையில் அது உடலுக்கு வேலி போடும் ஒரு தொழில்நுட்பம். எச்சில் என்பது சாதியச் சமூகத்தில் திரவ வடிவில் உள்ள உடல். அது பட்ட பாத்திரம் அந்த உடலின் தொடர்ச்சி. சமமானவர்களும்கூட ஒருவர் எச்சிலை ஒருவர் தொடக்கூடாது. கீழே இருப்பவர்களின் எச்சிலுக்கோ தனிக் குவளையே வேண்டும். 1957இல் சென்னையில் ‘பிராமணாள்’ என்ற ஹோட்டல் பலகையை எதிர்த்துப் பெரியார் இயக்கத்தினர் மறியல் செய்தார்கள். அந்தப் பலகையும் இரட்டைக் குவளையும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள்: யார் வாய் பட்டதில் யார் வாய் வைப்பது?

குச்சி ஐஸ் இந்த ஒழுங்கில் எங்கேயும் பொருந்தாமல் நிற்கிறது. அதைத் தூக்கிக் குடிக்கமுடியாது. அண்ணாந்தால் முழங்கை வழியாக அக்குளுக்குப் போகும். கழுவவேண்டிய டம்ளர் இல்லை, தனியாகக் கவிழ்த்துவைக்கவேண்டிய சிரட்டை இல்லை. குச்சி மட்டும்தான், அதையும் தூர எறிந்துவிடலாம். தண்ணீரே உறைந்து தன்னைத்தானே தாங்கிக்கொள்கிறது. இரட்டைக் குவளை வைப்பதற்கான பௌதிக ஆதாரமே இங்கே காணாமல் போகிறது. வாங்கியவர் நாக்கை நீட்டி, நாலு பேர் பார்க்கத் தெருவில் நின்று சப்பியாகவேண்டும். வீட்டுக்குள் வாயைப் பொத்திச் சாப்பிடப் பழக்கப்பட்ட பிள்ளைகளும் அப்படித்தான்.

இன்னொன்று. பிள்ளைகள் மிட்டாயைப் பங்குபோடக் ‘காக்காக் கடி’ வைத்திருந்தார்கள். சட்டைத் துணிக்குள் மிட்டாயை வைத்துத் துணிக்கு மேலாகக் கடித்து உடைத்தால் எச்சில் படாது. பெரியவர்களின் ஆசாரத்தைப் பிள்ளைகள் விளையாட்டாக உள்வாங்கிய இடம் அது. ஐஸுக்குக் காக்காக் கடி ஒத்துவராது. துணி நனையும், சாயம் ஒட்டும், வீட்டில் உதை விழும். எனவே பங்கு என்றால் ‘ஒரு சப்பு’தான். நீ ஒரு சப்பு, நான் ஒரு சப்பு. பள்ளிக்கூட வாசலில் மூன்று தெருப் பிள்ளைகள் ஒரே ஐஸைச் சுற்றி நின்றால், அங்கே நடப்பது நம் சீர்திருத்த மேடைகளில் நடந்த சமபந்தி போஜனங்களையும் தாண்டிய காரியம். சமபந்தியில் இலை தனித்தனி. இங்கே எச்சிலே பொது. ‘கண்டவன் எச்சியச் சப்பிட்டு வந்திருக்கு பாரு’ என்று வீட்டில் விழுந்த திட்டு, சளி பிடிக்கும் என்ற பயத்தினால் மட்டும் வந்ததல்ல.

சரி, அப்படியானால் குச்சி ஐஸ் சாதியை ஒழித்துவிட்டதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சரக்கு தானாக விடுதலையைக் கொண்டுவரும் என்ற தாராளவாத நம்பிக்கை எனக்கில்லை. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தலித் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போனபோது, ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, உங்களுக்குத் தரமாட்டேன் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிய காட்சியை நாமெல்லாம் பார்த்தோம். குவளை இல்லாவிட்டால் என்ன, கடை இருக்கிறதே. விற்க மறுத்தால் போதும். குச்சி ஐஸின் சாத்தியம் அதன் பொருள்தன்மையில் பாதியும், அதை விற்றவர் ஓரிடத்தில் உட்காராமல் சைக்கிளில் அலைந்தவர் என்பதில் பாதியும் இருந்தது. ஊர்க்கட்டுக்குள் நிலையாக இருக்கும் கடைக்காரருக்கு உள்ள நிர்ப்பந்தம், வெளியூரிலிருந்து வந்து மாலைக்குள் சரக்கு கரையுமுன் விற்றுத் திரும்பவேண்டிய ஐஸ்காரருக்கு அவ்வளவு இல்லை. அவருக்கு உருகும் நேரம்தான் ஊர்க்கட்டுப்பாடு. இதைச் சமத்துவம் என்று சொல்லமாட்டேன். சாதி தன் கருவிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமுன் கிடைத்த ஒரு இடைவெளி என்று சொல்லலாம்.

5

அந்த இடைவெளி எப்படி மூடப்பட்டது? சுகாதாரம் என்ற சொல்லாடல் வழியாகவும், பாக்கெட் வழியாகவும்.

ஐஸ்காரரின் தண்ணீர் பலசமயம் அசுத்தமானது என்பது மெய். உறையவைப்பதால் கிருமிகள் எல்லாம் செத்துவிடுவதில்லை. 1992இல் காலராவின் ஒரு புதுவகை, ஓ139, முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். சாயம் பற்றிய பயமும் கற்பனை அல்ல. ரோடமின் பி என்ற துணிச்சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடைசெய்தது. 1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் விதிகள் ஐஸ் கேண்டியில் மொத்தச் சர்க்கரை நூற்றுக்குப் பத்துக்குக் குறையக்கூடாது என்றன. சர்க்கரை விலை ஏறும்போது சாக்கரின் உள்ளே வந்தது. 1879இல் தார் சம்பந்தப்பட்ட ஆய்வில் தற்செயலாகக் கிடைத்த பொருள் அது. சப்பியபின் நாக்கடியில் நிற்கும் அந்தக் கசப்பை இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் குச்சி ஐஸின் இயல்பான ருசி என்றே நினைத்தார்கள். ஏழைப் பிள்ளைக்கு எது கிடைத்தாலும் போதும் என்று நாம் சொல்லக்கூடாது. அது நம் பக்கத்து மேட்டிமை.

ஆனால் கேள்வி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஐஸ் பெட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும் சுகாதாரம், அந்தப் பெட்டிக்குத் தண்ணீர் வந்த குழாயைப் பார்ப்பதில்லை. பாக்டரிக்கு வந்த அதே தண்ணீரைத்தான் அந்தத் தெரு குடிக்கிறது. பிள்ளை ஐஸ் சாப்பிடாவிட்டாலும் அதைத்தான் குடிக்கும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. பார்க்கப்போன அதிகாரிகள் அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளையையும் கண்டார்கள். தண்ணீரும் குவளையும் இன்னமும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஐஸ்காரர் கையைப் பற்றி மட்டும் பேசும் சுகாதாரம் இந்த இரண்டையும் பார்க்காமல் தாண்டிப்போகிறது.

அதன்பின் வந்தது பாக்கெட். 1990இல் பெப்சி இந்தியச் சந்தைக்குள் வந்தது. சன்னமான பிளாஸ்டிக் குழாயில் சாயத் தண்ணீரை அடைத்து உறையவைத்த ஐஸை நம் பிள்ளைகள் ‘பெப்சி’ என்று கூப்பிட்டார்கள். அந்தக் கம்பெனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பன்னாட்டு மூலதனத்தின் பெயரை எடுத்துச் சில்லறைக் காசுச் சரக்குக்கு வைத்ததில் ஒரு நக்கல் இருக்கிறது என்று வாசிக்கலாம்தான். ஆனால் பெயர் வந்த திசையையும் மறக்கக்கூடாது. 1970இல் சென்னை ராயபுரத்தில் ஒரு சின்ன இடத்தில் குச்சி ஐஸ் செய்து தள்ளுவண்டியில் விற்றுத் தொடங்கியதுதான் பின்னால் அருண் ஐஸ்கிரீம் ஆயிற்று. அப்படி ஒருவர் மேலேறமுடிந்தது. ஐஸ்கிரீம் அன்று சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. 1997இல் அந்த ஒதுக்கீடு நீக்கப்பட்டது. கம்பெனி கொடுத்த கண்ணாடி மூடிப் பெட்டிகள் பெட்டிக்கடைவரை வந்தன. அலைந்த ஐஸ் மறுபடி கடைக்குள் உட்கார்ந்தது. கடை என்றால் மறுபடி ஊர்தான்.

பாக்கெட் உணவு விளம்பரங்களில் வரும் ஒரு வாசகத்தைக் கவனியுங்கள்: ‘கைபடாமல் தயாரித்தது.’ யார் கை படாமல்? உலகம் பூராவும் இது இயந்திரத்தின் பெருமை. இங்கே, தொடுகையே குற்றமாயிருந்த ஒரு சமூகத்தின் காதில் இது வேறு மாதிரியும் விழுகிறது. எச்சில் பற்றிய பழைய பயத்துக்குக் கிருமி என்ற புதுப்பெயர் கிடைத்துவிட்டால் யாரும் சாதி என்று சொல்லமுடியாது. டீக்கடையில் தலித்துகளுக்கு மட்டும் தூக்கியெறியும் கப் கொடுக்கிற தந்திரமும் இந்த வகைதான்.

எனவே குச்சி ஐஸைப் பழைய நினைவாகப் பாடுவதில் எனக்கு அக்கறை இல்லை. சைக்கிள்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்; குறைந்துவிட்டார்கள், அவ்வளவுதான். தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014இல் சட்டம் வந்தது. ஐஸ்காரர் அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரிதான். அவருக்கு அடையாள அட்டை, அவர் வாங்கும் பாக்டரிக்குச் சுத்தமான குழாய்த் தண்ணீர், அனுமதிக்கப்பட்ட சாயம், சோதித்துச் சொல்லும் அதிகாரி: இவற்றைக் கேட்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். தெருவில் பெட்டியைக் கவிழ்ப்பதைவிட இவை கஷ்டமானவை, செலவு பிடிப்பவை. அதனால்தான் யாரும் செய்வதில்லை. தண்ணீர் உரிமை பற்றிப் போராடும் நண்பர்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஐஸ் பாக்டரிக் குழாயையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று கேட்கிறேன். பண்பாட்டு வரலாறு எழுதுகிறவர்கள், இரட்டைக் குவளையை ஆவணப்படுத்தும்போது, குவளையே இல்லாமல் பிள்ளைகள் எதையெல்லாம் பங்குபோட்டுத் தின்றார்கள் என்பதையும் அந்தந்தச் சேரியில், அந்தந்தத் தெருவில் கேட்டு எழுதவேண்டும். வேப்பங்கொட்டை பொறுக்கிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. கேட்டால் சொல்வார்கள்.